கருவிலும் சிறு வயதிலும் மூளைக்குக் கதிர்வீச்சு: எந்த வாரத்தில், எவ்வளவு, என்ன ஆகும்?

எழுத்தாணி (இழை தொடக்கம்)

குழுவில் இரண்டு விதமான கேள்விகள் மாறி மாறி வருகின்றன. கர்ப்பம் என்று தெரியாமல் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துவிட்டவர்கள் கேட்பது ஒன்று. மூளைக்கட்டிக்கோ ரத்தப் புற்றுநோய்க்கோ தலையில் ரேடியேஷன் வாங்கிய பிள்ளை வகுப்பில் பின்தங்குவதைப் பார்க்கும் பெற்றோர் கேட்பது இன்னொன்று. இரண்டுக்கும் "கதிர்வீச்சு மூளையைப் பாதிக்கும்" என்ற ஒரே வரியைப் பதிலாகத் தருவது முதல் தரப்பை வீணாகப் பயமுறுத்துகிறது, இரண்டாம் தரப்புக்கு எந்த உதவியும் செய்வதில்லை. இடையில் உள்ள அளவு வித்தியாசம் ஆயிரம் மடங்குக்கும் மேல்.

அதனால் தனி இழை. மனிதர்களிடம் உண்மையில் என்ன பார்த்திருக்கிறார்கள், எந்த அளவில் பார்த்திருக்கிறார்கள், ஸ்கேன் அறையிலும் பள்ளியிலும் என்ன செய்ய முடியும் என்பதை எண்களோடு எழுதுங்கள். "அதிகம்", "குறைவு" என்று மட்டும் எழுத வேண்டாம்.

அலகுமானி

எண்கள் தொடங்கும் இடம் ஹிரோஷிமாவும் நாகசாகியும்தான். 1945 ஆகஸ்ட் 6, 9 தேதிகளில் தாயின் வயிற்றில் இருந்த சுமார் 1,600 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 30 பேருக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு. இங்கே "கடுமையான" என்பதன் அளவுகோல் முக்கியம்: எளிய வாக்கியம் அமைக்க முடியாதது, சின்னக் கணக்குப் போட முடியாதது, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாதது, அல்லது காப்பகத்தில் வைக்க வேண்டிய நிலை. லேசான பாதிப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை. அதற்குத்தான் பின்னால் ஐ.க்யூ., பள்ளி மதிப்பெண் இரண்டையும் எடுத்து ஆராய்ந்தார்கள்.

1984-இல் ஒட்டாகேயும் ஷல்லும் அந்தத் தரவைக் கரு உருவான நாளிலிருந்து வாரக்கணக்கில் பிரித்தபோது படம் தெளிவானது. 8 முதல் 15 வாரம் வரை இருந்தவர்களிடம் பாதிப்பு மிக அதிகம், 1 கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு, 1,000 மில்லிகிரே) வாங்கியவர்களில் சுமார் 40 சதவீதம். 16 முதல் 25 வாரம் வரை ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்கு. 8 வாரத்துக்கு முன்பும் 25 வாரத்துக்குப் பிறகும் கடுமையான குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. 8–15 வாரக் குழுவில் ஐ.க்யூ. 1 கிரேக்கு ஏறக்குறைய 25 புள்ளி இறங்கியது. வலிப்பும் அதே குழுவில்தான் கூடுதல். கடுமையான குறைபாட்டுக்குக் கீழ்வரம்பு 300 மில்லிகிரேயாவது இருக்கும் என்பது சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007 பரிந்துரையில் எடுத்த நிலை.

இந்தத் தரவின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். போர் முடிந்த ஜப்பானில் பஞ்சம், தாயின் காயம், தொற்று எல்லாம் ஒன்றாக இருந்தன. அவற்றைக் கதிர்வீச்சிலிருந்து முழுக்கப் பிரித்துவிட முடியாது. ஆனால் வாரத்தைப் பொறுத்து இவ்வளவு கூர்மையாக மாறும் ஒரு பாதிப்பைப் பஞ்சத்தை மட்டும் வைத்து விளக்குவது கடினம்.

தாய்சேய்

அலகுமானி சார் எழுதியதில் எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 8–15 வாரம் என்பது கரு உருவான நாளிலிருந்து. நம் ஊர் ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 2 வாரம். ரிப்போர்ட் கணக்கில் அந்த ஜன்னல் 10 முதல் 17 வாரம். ரிப்போர்ட்டில் "9 வாரம்" என்றிருந்தால் கரு 7 வாரம்தான். இதைத் திருத்தாமல் அட்டவணையைப் பார்த்தால் அநாவசியப் பயமும் வரும், அநாவசிய நிம்மதியும் வரும்.

சோதனைகளில் கரு வாங்கும் அளவு, அதே ஆணையத்தின் 2000-ஆம் ஆண்டு அறிக்கைப்படி: தாயின் மார்பு எக்ஸ்ரேயில் 0.01 மில்லிகிரேக்கும் கீழே. தலை சி.டி.யில் 0.005-க்கும் கீழே. வயிற்று எக்ஸ்ரேயில் சராசரி 1.4. வயிற்று சி.டி.யில் சராசரி 8, அதிகபட்சம் 49. இடுப்பு சி.டி.யில் சராசரி 25, அதிகபட்சம் 79. இன்றைய கருவிகளில் இவை பெரும்பாலும் இன்னும் குறைவு.

20 மில்லிகிரே என்று வைத்துக்கொள்வோம். கீழ்வரம்பே இல்லை என்று மோசமாகவே கணக்குப் போட்டாலும் 0.02 கிரே × 25 = அரைப் புள்ளி ஐ.க்யூ. எந்தத் தேர்வாலும் அதை ஒரு குழந்தையிடம் கண்டுபிடிக்க முடியாது. 100 மில்லிகிரேக்குக் கீழே கதிர்வீச்சைக் காரணமாகச் சொல்லிக் கருக்கலைப்புக்குப் போவது நியாயமில்லை என்று அந்த அறிக்கை நேரடியாகவே சொல்கிறது. மார்பு எக்ஸ்ரே எடுத்த பயத்தில் கருவைக் கலைக்கும் முடிவுக்கு யாரும் போகக் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதத் தயார்.

மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசி மாதவிலக்குத் தேதி அல்லது முதல் ஸ்கேன் தேதி, எந்தப் பகுதி படமெடுக்கப்பட்டது, கருப்பை நேர்க்கதிருக்குள் வந்ததா, கான்ட்ராஸ்டுக்கு (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) முன்னும் பின்னும் எத்தனை முறை ஓட்டினார்கள், டோஸ் ரிப்போர்ட்டில் உள்ள சி.டி.டி.ஐ. எண் (ஓர் ஓட்டத்தில் கருவி தரும் டோஸ், மில்லிகிரேயில்). கருப்பை கதிருக்குள் இருந்தால் முதல் மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு ஓட்டத்தின் சி.டி.டி.ஐ. எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். ஒல்லியான தாய்க்கு உண்மை அளவு அதைவிடக் கூடும், பருமனானவருக்குக் குறையும். கூட்டுத்தொகை 50-ஐத் தாண்டினால் மருத்துவ இயற்பியலரிடம் முறையான கணக்குக் கேளுங்கள். கருப்பை கதிருக்கு வெளியே இருந்தால் கணக்கே தேவையில்லை.

நரம்பிழை

ஏன் 8-ஆம் வாரம்? பெருமூளைப் புறணிக்கான நரம்பு செல்கள் புறணியில் பிறப்பதில்லை. மூளையின் நடுவிலுள்ள நீரறைகளின் சுவரை ஒட்டிப் பிறந்து, ஆரைத் திசையில் நீண்டிருக்கும் கிளியா செல்களின் (நரம்பு செல்களைத் தாங்கும் செல்கள்) இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்பக்கம் ஏறுகின்றன. முதலில் வந்தவை அடியடுக்கில் தங்கும், பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலே போகும். 8–15 வாரத்தில் பிறப்பும் ஏற்றமும் உச்சத்தில் இருக்கின்றன.

கதிர்வீச்சு இங்கே இரண்டு விதமாக அடிக்கிறது. பிரிந்துகொண்டிருக்கும் மூலசெல்லின் டி.என்.ஏ. இரு இழையும் அறுந்தால் பி53 புரதம் விழித்துக்கொண்டு அந்தச் செல்லைத் தற்கொலைக்கு அனுப்புகிறது. கரு எலிகளில் இது சில மணி நேரத்திலேயே தெரிகிறது. ஒரு மூலசெல் செத்தால் அது பெற்றிருக்க வேண்டிய அத்தனை நரம்பு செல்களும் இல்லாமல் போகின்றன. சிறுதலை வருவது இப்படித்தான். மற்றது, பிழைத்த செல்கள் ஏறும் வழியில் நின்றுவிடுவது. கருவில் 8–9 வாரத்தில் வெடிப்புக்கு உள்ளான, அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களைப் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, புறணியில் இருக்க வேண்டிய சாம்பல்நிறப் பொருள் நீரறைகளின் ஓரத்திலேயே திட்டாகத் தங்கியிருந்தது. 12–13 வாரத்தில் உள்ளானவர்களிடம் அந்தத் திட்டு இல்லை, ஆனால் மூளையின் அமைப்பு வேறு விதமாகக் கோணியிருந்தது. வாரம் மாறினால் காயத்தின் முகமே மாறுகிறது.

பாலை

அப்படியென்றால் 25 வாரம் தாண்டிவிட்டால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? பிறந்த குழந்தைகளுக்கு என்ன தரவு இருக்கிறது?

நரம்பிழை

எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 வாரத்துக்குப் பிறகு *கடுமையான* குறைபாடு தெரியவில்லை, அவ்வளவுதான். இணைப்புகள் உருவாவது, நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படிவது, நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பல்வரிப் பகுதியில் புது செல் பிறப்பது எல்லாம் பிறந்த பிறகும் வெகுநாள் ஓடுகின்றன.

உப்சாலாவில் எரிக்சன் குழு செய்த எலிச் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிறந்த 10-ஆம் நாள் குட்டிக்கு ஒரே முறை 350 அல்லது 500 மில்லிகிரே. எலிக்கு அந்த நாள் மூளை வேகமாக வளரும் கட்டம். வளர்ந்தபின் புதுக் கூண்டில் 60 நிமிடம் விட்டு, நடமாட்டத்தையும் பின்காலில் எழுவதையும் 20 நிமிடத் துண்டுகளாக எண்ணுகிறார்கள். சாதாரண எலி முதல் 20 நிமிடம் ஓடியாடிக் கூண்டைத் துழாவும், கடைசி 20 நிமிடத்தில் பழகிப்போய் அடங்கிவிடும். கதிர்பட்ட எலி தொடக்கத்தில் மந்தமாக இருக்கிறது, கடைசியில் அடங்குவதில்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் வித்தியாசம் மறைந்துபோகக்கூடும். நேரவாரியாகப் பார்த்தால்தான் பழகும் திறன் கெட்டிருப்பது தெரிகிறது.

மனிதர்களில் இரண்டு பெரிய தரவுகள். இஸ்ரேலில் 1948–60 காலத்தில் தலைப்படைக்காக (உச்சந்தலைப் பூஞ்சைத் தொற்று) எக்ஸ்ரே கொடுக்கப்பட்ட சுமார் 11,000 குழந்தைகள். முடியை உதிரவைப்பதற்காக உச்சந்தலையை ஐந்து புலமாகப் பிரித்துக் கதிர் பாய்ச்சினார்கள். மூளைக்குச் சராசரியாக 1.3 முதல் 1.5 கிரே போனது. உடன்பிறந்தோரோடு ஒப்பிட்டபோது தேர்வு மதிப்பெண், ஐ.க்யூ., படித்த ஆண்டுகள் எல்லாம் சற்றுக் குறைவு. மனநல மருத்துவமனைச் சேர்க்கை சற்றுக் கூடுதல். கிரிசியோபுல்வின் மாத்திரை வந்தபின் அந்தச் சிகிச்சையே ஒழிந்தது.

இரண்டாவது சுவீடன். 1930–59-இல் தோலிலுள்ள ரத்தநாளக் கட்டிக்காக 18 மாதம் நிரம்புமுன் கதிர்சிகிச்சை பெற்ற 3,094 ஆண்கள். 18–19 வயதில் ராணுவத் தேர்வில் எடுத்த மதிப்பெண்களை 2004-இல் ஹால் குழு எடுத்து ஆராய்ந்தது. மூளையின் முன்பகுதிக்கு 250 மில்லிகிரேக்கு மேல் வாங்கியவர்களில் மேல்நிலைப் பள்ளிக்குப் போனவர்கள் 17 சதவீதம். கதிர்படாதவர்களில் 32 சதவீதம். கற்கும் திறனும் தர்க்கமும் டோஸ் கூடக்கூட இறங்கின. இடவுணர்வுத் தேர்வில் அப்படி எதுவும் இல்லை.

அலகுமானி

ஹால் ஆய்வைத் தனியாக நிறுத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சுவீடனில், அதே வகைக் கட்டிக்குக் கதிர்சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பற்றி 2014-இல் வந்த ஆய்வு, மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்க அறிவுத்திறன் பாதிப்பு இல்லை என்று முடித்தது. ஒரு நாடு, ஒரே நோய், இரண்டு முடிவு. 100 முதல் 300 மில்லிகிரே வரையிலான பகுதி இன்னும் திறந்த கேள்விதான்.

செர்னோபில் அணு உலை விபத்து பற்றியும் யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். 1986 ஏப்ரலில் சுவீடனில் 8–25 வாரக் கருவாக இருந்தவர்கள், கதிரியக்கப் படிவு அதிகம் விழுந்த பகுதிகளில், பின்னாளில் கணக்கில் குறைந்த மதிப்பெண் எடுத்ததாக மூன்று பொருளியலாளர்கள் 2009-இல் காட்டினார்கள். பெற்றோர் அதிகம் படிக்காத குடும்பங்களில்தான் விளைவு பெரிது. புள்ளியியல் வேலை கவனமானது. ஆனால் அங்கே விழுந்த டோஸ் ஜப்பான் தரவில் பாதிப்புத் தெரிந்த அளவைவிட மிக மிகக் குறைவு. அந்த அளவில் எத்தனை மூலசெல் சாகும் என்று கணக்குப் போட்டால் மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

நரம்பிழை

கணக்கு வராததாலேயே தரவைத் தள்ளிவிட முடியாது, சார். செல் சாவு மட்டுமே வழி என்று எடுத்துக்கொண்டால்தான் கணக்கு இடிக்கும். எலிக்குட்டியில் 200 மில்லிகிரேயும் மிகச் சிறிதளவு மீத்தைல் பாதரசமும் சேர்ந்தபோது இரண்டும் தனித்தனியாகத் தராத விளைவு வந்திருக்கிறது. அதற்காக 8–25 வாரத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்தவரை அந்த ஆய்வைக் காட்டிப் பயமுறுத்துவதும் தப்பு. இந்த இரண்டாவது விஷயத்தில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான்.

தாய்சேய்

நம் பக்கத்துத் தகவல் ஒன்று. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அந்தக் கரையோரத்தில் அறிவுத்திறன் குறைபாட்டையும் உதடு-அண்ணப் பிளவையும் எடுத்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வில் இயற்கைக் கதிர்வீச்சோடு தொடர்பு தெரியவில்லை. ஆண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக வருவதும் ஒரே நொடியில் வருவதும் மூளைக்கு ஒன்றல்ல.

படப்பெட்டி

சி.டி. அறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கைக்குழந்தைத் தலை சி.டி.யில் மூளைக்கு ஒரு முறை ஏறக்குறைய 20 முதல் 40 மில்லிகிரே போகும். ஒரு முறைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீர்த்தலைக்கு (மூளை நீரறைகளில் நீர் தேங்குவது) ஷன்ட் என்ற வடிகுழாய் வைத்த குழந்தைக்கு ஒவ்வொரு வாந்திக்கும் தலைவலிக்கும் சி.டி. எடுத்தால், 35 வீதம் பத்து முறையில் 350 ஆகிவிடும். மேலே இருவரும் வாதாடும் 100–300 பகுதியை அது தாண்டிவிடும். ஷன்ட் குழந்தைக்கு மயக்க மருந்து இல்லாமல் சில நிமிடத்தில் முடியும் வேக எம்.ஆர்.ஐ. கேளுங்கள். உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு அதன் வழியாக அல்ட்ராசவுண்டிலேயே நீரறையின் அளவு தெரியும்.

கீழே விழுந்த குழந்தைக்கு, 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2009-இல் வந்த பெக்கார்ன் விதி (தலையில் அடிபட்ட குழந்தைக்கு சி.டி. தேவையா என்று முடிவெடுக்கும் விதி) இருக்கிறது. 2 வயதுக்குள்: நினைவு தெளிவாக இருக்கிறது, நெற்றியைத் தவிர வேறெங்கும் வீக்கம் இல்லை, 5 நொடிக்கு மேல் மயக்கம் இல்லை, விழுந்த விதம் கடுமையானதல்ல, தொட்டுப் பார்த்தால் எலும்பு முறிவு இல்லை, பெற்றோர் பார்வையில் குழந்தை வழக்கம்போல் இருக்கிறது. ஆறும் சரியென்றால் சி.டி. வேண்டாம். ஆறில் ஒன்று இடித்தால் டாக்டர் முடிவெடுப்பார். தேவைப்படும் சி.டி.யைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், மூளைக்குள் ரத்தக்கசிவு காத்திருக்காது.

எடுக்கும்போது தப்பு நடக்கும் இடங்கள்: பெரியவர் புரோட்டோகாலிலேயே குழந்தையை ஓட்டுவது முதலாவது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் மேற்கோள் அளவு பெரியவர் தலைக்கு 75 மில்லிகிரே, 1 வயதுக் குழந்தைக்கு 35. கன்சோலில் பெரியவர் எண் வந்தால் நிறுத்திப் பாருங்கள். அடுத்து, தலை கேன்ட்ரியின் (சி.டி. கருவியின் வளையம்) மையத்தில் இல்லாமல் மேலேயோ கீழேயோ இருப்பது. கதிரின் வடிகட்டி மையத்துக்காக வடிவமைக்கப்பட்டது. தலை நகர்ந்தால் ஒரு பக்கம் கூடுதல் டோஸ், மறு பக்கம் இரைச்சல் படம், தானியங்கிக் கட்டுப்பாடும் தலையின் பருமனைத் தப்பாகக் கணிக்கும். மூன்றாவது, குழந்தை அசைந்ததால் திரும்ப எடுப்பது. துணியில் சுற்றி, பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுத்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கலே வராது. கான்ட்ராஸ்ட் தேவையென்றால் அதோடு மட்டும் ஓட்டினால் பல நேரம் போதும், முன்னும் பின்னுமாக இரண்டு ஓட்டம் வழக்கமாகக் கூடாது.

தலை சி.டி.யில் டி.எல்.பி. (டோஸையும் படமெடுத்த நீளத்தையும் பெருக்கிய எண்) 400 என்று ரிப்போர்ட் வந்தால் பெரியவருக்கு அது சுமார் 0.84 மில்லிசீவர்ட். 1 வயதுக் குழந்தைக்கு 2.7. பச்சிளங்குழந்தைக்கு 4.4. எண் ஒன்றேதான், உடம்பு வேறு. ஆனால் மில்லிசீவர்ட் முழு உடம்புக்கான கணக்கு. மூளையைப் பற்றிப் பேசும்போது சி.டி.டி.ஐ. எண்ணைப் பாருங்கள்.

எழுத்தாணி

இப்போது இரண்டாவது கேள்வி. சிகிச்சைக்காகவே தலையில் ரேடியேஷன் வாங்கிய பிள்ளைகள்.

மருதம்

இங்கே விளைவு உண்டா இல்லையா என்ற வாதமே இல்லை. உண்டு. எந்த அளவுக்கு, அதை எப்படிக் குறைப்பது என்பதே வேலை.

ரத்தப் புற்றுநோயில் மூளைக்கு 24 கிரே கொடுத்த காலம் இருந்தது. அது உயிரைக் காப்பாற்றியது, படிப்பைக் கெடுத்தது. பிறகு 18, பிறகு 12. 2009-இல் செயின்ட் ஜூட் மருத்துவமனை, கீமோவைச் சரியாக வகுத்தால் தலைக்கு ரேடியேஷனே இல்லாமல் சமாளிக்கலாம் என்று காட்டியது. மெடுலோபிளாஸ்டோமாவில் (சிறுமூளையில் வரும் குழந்தைப் புற்றுக்கட்டி) அப்படி விட முடியாது. சராசரி அபாயக் குழுவுக்கு மூளை-தண்டுவடம் முழுக்க 36 கிரே என்பது 23.4 ஆனது, கட்டி இருந்த இடத்துக்குத் தனியாக 54 அளவுக்கு ஏற்றுகிறார்கள் (இதுதான் பூஸ்ட்). சிறு குழந்தைகளுக்கு அதையும் 18 ஆக்கிப் பார்த்த அமெரிக்கச் சோதனையில், 5 ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 82.9-இலிருந்து 71.4 சதவீதமாக இறங்கினார்கள். அதனால் "டோஸைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று பெற்றோருக்கு யாரும் வெளியிலிருந்து அறிவுரை சொல்லாதீர்கள்.

கேட்க வேண்டியவை வேறு. 3 வயதுக்குள் என்றால் கீமோவை முன்னால் வைத்து ரேடியேஷனைத் தள்ளிப்போட முடியுமா? பூஸ்ட் பின்மூளைக்குழி முழுக்கவா, கட்டி இருந்த படுகைக்கு மட்டுமா? மேலே சொன்ன அதே சோதனையில் படுகைக்கு மட்டும் கொடுத்தது நோய்க் கட்டுப்பாட்டில் குறைவாக இல்லை. உள்காதுக்கு எவ்வளவு போகிறது? புரோட்டான் சிகிச்சை (குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் கதிர்) பொருந்துமா? சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை இருக்கிறது, மும்பை டாடா நினைவு மையத்தின் கார்கர் வளாகத்திலும் வந்துவிட்டது. ஆனால் மூளை முழுக்கக் கொடுக்க வேண்டிய பகுதியில் புரோட்டானாலும் மூளைக்கு அதே டோஸ்தான். மிச்சமாவது பூஸ்ட் கட்டத்தில்.

பின்தங்குதல் எப்படி வருகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை கற்றதை மறப்பதில்லை. புதிதாகக் கற்கும் வேகம் வயதொத்தவர்களைவிடக் குறைவு. ஐ.க்யூ. வயதோடு ஒப்பிடும் எண் என்பதால், பிள்ளை முன்னேறிக்கொண்டே இருந்தாலும் எண் ஆண்டுக்கு 2 முதல் 4 புள்ளி இறங்கலாம். முதலில் அடிபடுவது செயலாக்க வேகம், பிறகு கவனமும் வேலை நினைவும். அடியில் நடப்பது வெள்ளைப்பொருள் இழப்பு, மயலின் தயாரிக்கும் முன்னோடி செல்களின் சாவு, ஹிப்போகேம்பஸில் புது நரம்பு செல் பிறப்பு நின்றுபோவது. கதிர் பட்ட ஹிப்போகேம்பஸில் மூலசெல்கள் மீந்திருந்தாலும் அழற்சி அவற்றை நரம்பு செல்லாக விடுவதில்லை என்று மோன்ஜே குழு எலிகளில் காட்டியது. இண்டோமெத்தசின் கொடுத்து அழற்சியைத் தணித்தபோது செல் பிறப்பு ஓரளவு மீண்டது. இது எலித் தரவு, வீட்டில் மருந்து வாங்கிக் கொடுக்க ஆதாரமல்ல.

குறிஞ்சிப்பூ

பள்ளி உளவியல் பக்கம் நான் எழுதுகிறேன். முதல் சோதனை ரேடியேஷன் தொடங்குமுன், அல்லது முடிந்த சில மாதத்துக்குள். அடிப்படை எண் இல்லாவிட்டால் பின்னால் இறக்கத்தைக் காட்டவே முடியாது. பிறகு ஆண்டுக்கு ஒரு முறை.

நம் ஊரில் நடக்கும் பெரிய குழப்பம் தேர்வை மாற்றுவது. பினே-காமத்தும் மாலினின் குழந்தைகள் அளவுகோலும் (இரண்டும் இந்திய ஐ.க்யூ. தேர்வுகள்) 1960-களின் மக்களை வைத்துத் தரப்படுத்தியவை. பழைய தரத்தில் இன்றைய பிள்ளைக்கு எண் கூடுதலாக வரும். முதல் ஆண்டு மாலின், மூன்றாம் ஆண்டு புதிய தரப்படுத்தலுள்ள வெக்ஸ்லர் தேர்வின் நான்காம் பதிப்பு என்று போட்டால், பிள்ளை அப்படியே இருந்தாலும் "இறங்கிவிட்டான்" என்று ரிப்போர்ட் வரும். ஒரே தேர்வில் நில்லுங்கள். ஒரே தேர்வை ஆறு மாதத்துக்குள் திரும்ப வைத்தால் பழக்கத்தால் எண் ஏறி, உண்மை இறக்கத்தை மறைக்கும்.

மொத்த ஐ.க்யூ.வை மட்டும் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். செயலாக்க வேகம் 72, சொல் அறிவு 98 என்று இருக்கும் பிள்ளைக்கு மொத்த எண் எந்த உதவியும் செய்யாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பாடம் புரிகிறது, எழுதி முடிக்க நேரம் போதவில்லை என்று ஆசிரியருக்குச் சொல்ல முடியும். கரும்பலகையைப் பார்த்து எழுதவைக்காமல் அச்சுக் குறிப்புக் கொடுப்பது, பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு, ஒரே நேரத்தில் ஒரே கட்டளை, இவையே பெரிய மாற்றம் தரும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு மாற்றுத்திறன் சான்றிதழோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் நடக்காது.

பாலை

பிள்ளைக்கு 4 வயது, மாலின் தேர்வுக்கு வயதாகவில்லை என்றால்?

குறிஞ்சிப்பூ

மாலின் 6 வயதிலிருந்து. 4 வயதில் பினே-காமத் வைக்கலாம், கூடவே வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். ஆறு வயதில் தேர்வை மாற்ற வேண்டி வந்தால் அந்த ஒரு முறை மட்டும் இரண்டையும் சில வார இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணும் புது எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்பது கோப்பில் இருக்கும்.

மருதம்

அதோடு ஒன்று. தேர்வு வைக்கும் முன் காது சோதனையும் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் ரத்தச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் உள்காது டோஸும் சேர்ந்தால் மேல்சுருதி ஒலிகள் முதலில் போகும். பிள்ளை "ச", "த" வித்தியாசம் கேட்காமல் தப்பாகப் பதில் சொல்லும், ரிப்போர்ட்டில் அது சொல் அறிவுக் குறைவாகப் பதிவாகும். பிட்யூட்டரி அடிபட்டு வரும் தைராய்டு குறைவில் டி.எஸ்.எச். (பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாகவே இருக்கலாம், அதனால் ஃப்ரீ டி4 (தைராய்டே சுரக்கும் ஹார்மோன்) சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் எடுத்த செயலாக்க வேகத்தை அடிப்படை எண்ணாக வைக்காதீர்கள்.